எண்பத்து மூன்றாவது காந்தம்

காந்தம் பொருத்துகிறவளும் அதை அளக்கிறவளும் ஒரே குடும்பம். அளக்கிறவள் மற்றவளுக்கு நாத்தனார். நாத்தனார் இரவல் வாங்கித் திருப்பித் தராத ஒரு குக்கர் மூடியில் தொடங்கிய சண்டையால், இரண்டு வருடமாக ஆய்வுக்கூடத்திலும் எலியும் பூனையுமாக இருந்தார்கள்.

வேலையோ பொல்லாத வேலை. இருநூறு காந்தங்களை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். நடுவே பாயும் எலக்ட்ரான் கற்றை வளைந்து நெளிந்து ஓடி, தன் சக்தியில் கொஞ்சத்தை ஒளியாகக் கொட்டும். கூட்டம் தாளம் பிடித்துக் கைதட்டுவதுபோல் அந்த ஒளியலைகள் எல்லாம் சேர்ந்தே எழ வேண்டும். ஒரு காந்தம் திரும்பிக்கொண்டாலும் கற்றை தடம் மாறும், எல்லாம் பாழ்.

அன்று மாலை நான்கு மணிக்கு முதல் ஒளி வந்தாக வேண்டும் என்று குழுத் தலைவரான பெரியவர் சொல்லியிருந்தார். வராவிட்டால் கூடம் வேறு குழுவுக்குப் போய்விடும். பொருத்துகிறவளின் வேலையும் அதோடு சரி.

காலையில் கடைசி அளவு எடுத்த நாத்தனார் எழுந்து வந்தாள்.

"அண்ணி, எண்பத்து மூணு திரும்பியிருக்கு."

பொருத்துகிறவள் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். எப்படி என்று உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு காந்தத்திலும் அதன் இடத்துக்கு ஏற்றபடி வைத்த பெயிண்ட் புள்ளி எப்போதும் தன் பக்கம் பார்க்க வேண்டும், அதுதான் அவள் கணக்கு. இதைப் பொருத்திய அன்றைக்கு நாத்தனார் உள்ளே வந்ததும், அந்த முகத்தில் முழிக்கக் கூடாதென்று நாற்காலியை மேசைக்கு மறுபுறம் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த ஒரு காந்தம் வைப்பதற்குள் நாத்தனார் போய்விட்டாள், இவளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். வீம்புக்கு வைத்த காந்தம்!

"பெரியவர்கிட்ட சொல்லிட்டியா?"

"உங்ககிட்ட சொல்லாம அவர்கிட்ட எதுக்கு? பித்தளைக் கட்டையை எடுங்க. விரல் பத்திரம்."

விரலை நசுக்கும் இழுவிசை அந்தக் காந்தத்துக்கு; பித்தளைதான் அதில் ஒட்டாது. இருவரும் எதிரெதிரே நின்று, "விடாதீங்க", "இப்ப இழு" என்று சொல்லிச் சொல்லித்தான் கழற்ற முடிந்தது. திருப்பி வைத்து, மறுபடி அளந்து மூடினார்கள்.

நான்கு மணிக்குத் திரையில் பச்சைப் புள்ளி பளீரென்று எழுந்தது. பெரியவர் பொருத்துகிறவளிடம் ஓடிவந்தார்.

"அபாரம்மா! ஒரு பிசகு இல்ல."

பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"பிசகு இருந்துச்சு சார். ஒண்ணைத் திருப்பி வச்சிருந்தேன். கண்டுபிடிச்சுக் காப்பாத்தினது என் நாத்தனார்தான்."

பெரியவர் நாத்தனாரையும் கைகாட்டி அழைத்தார்.

"அப்ப அடுத்த வரிசையையும் ரெண்டு பேருமே சேர்ந்து பண்ணுங்க."

மறுநாள் அவள் தன் நாற்காலியை நாத்தனாரின் அளவு மேசைக்கு நேர் எதிரே போட்டாள். மேசைமேல் அந்தக் குக்கர் மூடி இருந்தது.