எதிரெதிர் பம்புகள்

ஹெட் பிட்டர் வேலை ஒன்றுதான் காலி. ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர்: அரும்பாவூர் சாமிதுரை, ஏலாக்குறிச்சி மிக்கேல். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலையின் புதிய பம்பு ஹவுஸில் ஆளுக்கு ஒரு பம்பு. பதினோரு மணிக்கு ஓட்டிப் பார்ப்பது, எது குறையில்லாமல் ஓடுகிறதோ அந்த ஆளுக்கு வேலை என்று என்ஜினீயர் சொல்லிவிட்டார்.

"மிக்கேலண்ணனுக்குத்தான் கெடைக்கும்னு லைன் வூட்டுல எல்லாரும் பேசிக்கிறாங்க" என்று காலையில் அம்சவள்ளி சொன்னாள். கட்டின பெண்டாட்டி வாயிலும் அவன் பெயரா? சாமிதுரை பாதி இட்லியோடு எழுந்துவிட்டான்.

மிக்கேலைவிட அவனுக்கு மூன்று வருஷம் சர்வீஸ் கூடுதல். யாருக்கு அது நினைவிருக்கிறது?

இரண்டு பம்புகளும் எதிரெதிராக நின்றன. நடுவில் பெரிய குழாய். இரண்டும் அதில்தான் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு பம்பிலும் கடைசியாக மாட்ட வேண்டியது நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ளே தொங்கும் தட்டு, தண்ணீர் போகும்போது திறக்கும். திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். திருப்பி மாட்டினால் ஒரு சொட்டுக்கூடப் போகாது.

வால்வின் மேல் அம்புக்குறி இருக்கும். ஆனால் முந்தின நாள் ஆயுத பூஜை. வால்வு முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. தண்ணீர் வரும்வரை பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது என்பது பிட்டர்களின் வழக்கம். மிக்கேல் விரலை உள்ளே விட்டுத் தட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு மாட்டினான்.

சாமிதுரை விரலை விடவில்லை. அவன் கண் மிக்கேலின் கையிலேயே இருந்தது. மிக்கேல் நாலு போல்ட் முன்னால் போய்விட்டான்! வால்வின் மேடான பக்கத்தை அவன் மேற்கே வைத்திருந்தான். சாமிதுரையும் மேற்கே வைத்தான். பதினாறு போல்ட்டையும் முடுக்கி, மிக்கேலுக்கு முன்னால் நிமிர்ந்தான்.

"என்னா மாமா, ரயிலப் புடிக்கவா போற?" என்று பம்பு ஆபரேட்டர் அமாவாசை சிரித்தான்.

பதினோரு மணி. மிக்கேலின் பம்பு தண்ணீரைத் தள்ளியது. அதை நிறுத்திவிட்டு அடுத்ததைப் போட்டார்கள். சாமிதுரையின் பம்பு உறுமியது. அழுத்தம் காட்டும் கேஜ் முள் கடைசிக்குப் போய் நின்றது. பெரிய குழாயில் தண்ணீர் ஓடவில்லை. வால்வு இணைப்பின் கேஸ்கட் வழியே சீறிய தண்ணீர் என்ஜினீயரின் வெள்ளைச் சட்டையை நனைத்தது. மிக்கேல்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான்.

"வால்வு திரும்பியிருக்கு. பாக்காமலா மாட்டுன?" என்றார் என்ஜினீயர்.

"ரெண்டு பேருமாத்தான் சார் பாத்தோம்" என்றான் மிக்கேல். "அரை மணி நேரம் குடுங்க, மாத்திடறோம்."

"மனுசன்னா இவன்தான்யா!" என்றான் அமாவாசை.

சாமிதுரைக்கு உள்ளே பற்றி எரிந்தது. வேலையும் அவனுக்கு, நல்ல பேரும் அவனுக்கா?

"இவன் இதுல கையே வெக்கல சார்! நான்தான் மாட்டுனேன். இவன் வால்வப் பாத்துப் பாத்து அதே மாதிரி வெச்சேன். என் பம்பு எதிர்த்தாப்புல நிக்குது, அதை மறந்துட்டேன்."

என்ஜினீயர் சட்டையைப் பிழிந்தபடி அவனைப் பார்த்தார். பிறகு மிக்கேலிடம், "நாளையிலிருந்து நீதான் ஹெட் பிட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமிதுரை வால்வைக் கழற்ற உட்கார்ந்தான். மிக்கேலும் ஸ்பானரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஹெட் பிட்டருன்னா நின்னு வேலை வாங்கணும்" என்றான் சாமிதுரை, தலை நிமிராமல். "என் போல்ட்டுல கை வெக்காத."

பதினாறையும் அவனே கழற்றினான்.