ஜான்சியின் பொய் நெத்திலி

“கட்டினது அத்தனையும் நான். ‘நான்தான் சார்’னு சொல்ல உனக்கு எப்படிண்ணா வாய் வந்துச்சு?”

“கத்தாத ஜான்சி. வேலை யாருக்குக் கெடச்சா இன்னா, ஒரே வூடுதானே!”

குரோம்பேட்டையில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். காதைத் தீட்ட வேண்டியதே இல்லை. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

ஜான்சி கட்டுவது பொய் நெத்திலி. தூண்டில் முள்ளில் வெள்ளை ஆட்டு முடியையும் ஜிகினா இழையையும் நூலால் இறுக்கி, கண் ஒட்டி, தலையில் நகப்பூச்சு தடவுவாள். கடலில் வீசினால் பெரிய மீன் நிஜமென்று நம்பிப் பாயும். வீசுவது மட்டும்தான் அண்ணன் சாலமன்.

முந்தின நாள் அந்தமானிலிருந்து வந்த படகு முதலாளி, பொய் நெத்திலியைப் பார்த்துவிட்டு, இதைக் கட்டிய ஆளுக்கு வேலை தருவதாகச் சொன்னார். சாலமன் முந்திக்கொண்டான். டீ கொண்டுவந்த ஜான்சியின் விரல் நுனியில் பசை காய்ந்திருந்தது. அவர் டம்ளரைத்தான் பார்த்தார்.

“வந்தவர் எதிர்ல அண்ணனை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு வாயை மூடினேம்மா!”

“அப்படியே மூடிக்கோ. பொட்டப்புள்ளய அந்தமானுக்கா அனுப்புவேன்?” என்றாள் அம்மா செல்லம்மா.

சாலமன் போனான், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். நெத்திலி கட்டத்தான் அவன் கைக்கு வரவில்லை. ஜான்சியைக் கீழ்க்கட்டளையில் கொடுத்தார்கள். அண்ணன் வேலை போய்விடுமே என்று அம்மா அழுததில், கணவர் ஆபீஸ் போன பிறகு ஜான்சியே கட்டி மாதாமாதம் கூரியரில் அனுப்புகிறாள்.

போன வாரம் சும்மா பார்க்கப் போனேன். மாப்பிள்ளை போனில் நெத்திலிப் படம் காட்டினார்: “எங்க மச்சான் கைவேலையைப் பாருங்க ஆன்ட்டி!”

ஜான்சி டீ கொண்டுவந்தாள். விரல் நுனியில் பசை.