டன்வுடி அரங்கின் முன்திரை

கடலெனப் பரந்த மிச்சிகன் ஏரி கரையோரமெல்லாம் உறைந்து கிடக்க, நடுவில் மட்டும் கருநீர் புரண்டு அலைக்க, அதன்மேல் தவழ்ந்தெழுந்த வாடைக்காற்று சிகாகோ நகரின் புகைபோக்கிகளைத் தழுவி, இறைச்சிச் சாலைகளின் முடைநாற்றத்தை வாரிக்கொண்டு, ஐரோப்பாவின் போகிமிய நாட்டிலிருந்து குடியேறியோர் நெருங்கி வாழும் பில்சன் பகுதியின் செங்கற் சுவர்களில் மோதித் திரும்பும் மாசிமாதப் பின்பகற்பொழுது அது. ஞாயிறு வானில் இருந்தது. ஆயினும் கரிப்புகையைக் கிழித்துக் கீழிறங்க அதற்கு வலியில்லை. தெருவெங்கும் பனி அழுக்கேறி, அடுப்புச் சாம்பல்போல் குவிந்திருந்தது. ஆற்றை ஒட்டி நின்ற நெடுங்கூரைக் கட்டடமொன்றில் மட்டும், அன்புடையீர், வேனில் ஆட்சி செய்தது. அங்கே நீலப்பொய்கை ஒன்று வெயிலில் சிலிர்த்தது. பளிங்குப் படிகள் நீரில் கால் நனைத்தன. கூம்பிய மரங்கள் வரிசையாக நின்று தம் நிழலைத் தாமே நோக்கின. அவை யாவும் துணியில் எழுந்தவை. எழுப்பியவன் புரோகோப் சிமேக்.

டன்வுடி என்பவனுக்கு உரிய அந்தக் கூடத்தில், உத்தரத்திலிருந்து கயிறுகளில் தொங்கும் பலகைமேல் நின்று, ஆளுயரக் கோலின் முனையில் கட்டிய தூரிகையால் நாடகத் திரைகளை வரைவது புரோகோப்பின் தொழில். வச்சிரப் பசையைக் காய்ச்சி, வண்ணப்பொடியைக் குழைத்து, அது இறுகுமுன் பூசவேண்டும். ஈரத்தில் கறுத்துத் தோன்றுவது உலர்ந்தபின் வெளிறிப்போகும் என்பதை முன்னரே கணித்துப் பூசவேண்டும். அருகே நிற்பவனுக்கு வெறுந்திட்டாகத் தெரிவது அரங்கின் கடைசி இருக்கைக்கு இலையாகவும் அலையாகவும் தெரியவேண்டும். வச்சிரத்தின் நாற்றம் அவன் தலைமயிரில் ஊறி, கோயிலில்கூட அருகில் அமர்ந்தோரை நகர்ந்து உட்காரச் செய்தது. நீரை வரைவதில் அவனுக்கு நிகர் அந்நகரில் இல்லை.

அதே பலகையில் முன்பு அவனுடைய அண்ணன் மத்தேய் நின்றான். சில குளிர்காலங்களுக்கு முன் ஒரு காலையில், மத்தேய் கீழே நின்ற டன்வுடியிடம் கயிற்றைச் சுட்டிக் காட்டினான்.

"முதலாளி, இந்தக் கயிறு நைஞ்சு போச்சு. மாத்திட்டு ஏறுறேன்."

"உன் எடைக்கு இது போதும்டா. திரை இன்னைக்கு வண்டி ஏறணும். நீ ஏறு, இல்ல வீட்டுக்குப் போ."

மத்தேய் ஏறினான். கயிறு அறுந்தது. கீழே வண்ணம் குழைத்துக்கொண்டிருந்த புரோகோப் நிமிர்ந்தபோது, விழுகின்ற அண்ணனின் முகமும் அவன் முகமும் ஒரு கணம் நேருக்கு நேர் நின்றன. மருத்துவரை அழைக்க அவன் ஓடினான். திரும்பி வந்தபோது, வாழ்நாளெல்லாம் ஒருதுளி தொட்டறியாத மத்தேயின் சட்டை சாராயத்தில் நனைந்திருந்தது. குடித்துவிட்டு விழுந்தான் என்று டன்வுடி, சாவை விசாரித்த உசாவல் மன்றத்தில் உரைத்தான். கூடத்தின் மேலாள் ஆமென்றான். உடன்பிறந்தவன் சொல் எடுபடவில்லை. அன்றுமுதல் மத்தேயின் மனைவி உருழேனா பில்சன் தெருக்களில் குடிகாரன் பெண்டாட்டி ஆனாள்.

அதன்பின்னும் புரோகோப் அந்தக் கூடத்தை விட்டு அகலவில்லை. மானங்கெட்டவன் என்று கடைவாயிலில் நின்றோர் அவன் காதுபடவே ஏசினர். நீறுபூத்த நெருப்பாய்ச் சினம் அவன் நெஞ்சில் கிடந்தது. வேலையை விட்டால் தன் பகைவனின் பக்கத்தில் நிற்கும் வாய்ப்பையும் விடவேண்டும் என்று அவன் எண்ணினான். டன்வுடியோ, செத்தவன் தம்பிக்குச் சோறிடும் வள்ளலென்று ஊரில் பெயர் வாங்கிக்கொண்டான்.

செல்வம் பெருகப் பெருகப் புகழ்வேட்கையும் பெருக, டன்வுடி தன் பெயரால் ஓர் அரங்கத்தையே எழுப்பினான். அதன் முன்திரைக்காகத்தான் அந்தப் பொய்கை உருவாகியது.

"எல்லா அரங்கத்துலயும் இருக்கிற திரை எனக்கு வேணாம்பா," என்றான் அவன், கைத்தடியால் துணியைத் தட்டி. "சனங்க வாயப் பொளக்கணும்."

"பின்னாடி விளக்கு வச்சா, பகல் மறைஞ்சு நிலா வர்ற மாதிரி பண்ணலாம், முதலாளி. முன்பக்கம் சாயம், பின்பக்கம் கெட்டிப் பூச்சு."

"அட! உங்கண்ணனுக்கு இந்த மூளை இருந்திருந்தா இன்னைக்கு உசிரோட இருந்திருப்பான்."

"ஆமா, முதலாளி," என்றான் புரோகோப். தூரிகைக்கோல் அவன் பிடியில் நெறிந்தது.

பின்புறம் தடித்த பூச்சு ஒளியை மறைத்து இருளாகும். மெலிந்த பூச்சு ஒளியை விட்டு வெளிச்சமாகும். விளக்கின்றி நோக்குவோர்க்கு அது பழஞ்சுவரின் கறையாகவே தோன்றும். வாணிகம் அன்றித் தூரிகை அறியாத டன்வுடி அந்தக் கறைகளைக் கண்டான், கடந்து போனான். புரோகோப் அவற்றுள் தன் நெஞ்சில் கிடந்ததை எல்லாம் வரைந்தான்.

அரங்கின் விளக்குகளை ஆளும் அயர்லாந்துக்காரனான டீகனிடம் மட்டும் அவன் மனந்திறந்தான்.

"ஒத்திகைல நிலாவுக்குப் பின்னாடி உள்ள விளக்கு மட்டும். தொடக்க நாள்ல மொத்தத்தையும் போடு."

டீகன் திரையின் பின்புறத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தான். "டேய் பாவி! எனக்கு வேலை போயிடுமே!"

"போயிடும்."

"போகட்டும் போ. அந்தப் பன்னிகிட்ட வேலை பாக்குறதவிட எங்க மாமியாரோட குடித்தனம் பண்ணலாம்."

தொடக்கநாள் மாலையில், புரோகோப் தன் அண்ணியை உயர்மாடத்து மலிவு இருக்கைக்கு அழைத்துச் சென்றான். பில்சன் மக்களும் அங்கே நிறைந்திருந்தனர்.

"எனக்கு எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?" என்றாள் உருழேனா.

"நீ பாக்கணும் அண்ணி. உனக்காகத்தான்."

விளக்குகள் தணிந்தன. பொய்கைமேல் அந்தி படர்ந்தது. கூம்பு மரங்களின் பின்னே நிலா முளைத்தது. கீழே பட்டுடுத்தோர் கைதட்டினர். தனிமாடத்தில் டன்வுடி எழுந்து வணங்கினான். அந்நொடியில் டீகன் எல்லா விளக்குகளையும் ஏற்றினான். பொய்கை கரைந்தது. அதன் ஊடே, ஆழத்திலிருந்து பிணம் மிதந்தெழுவதுபோல், தொங்கும் பலகை ஒன்று எழுந்தது. அறுந்த கயிறு எழுந்தது. கைகளை விரித்து, வாய்பிளந்து விழும் மனிதன் எழுந்தான். ஒருபுறம், கைத்தடி ஊன்றி, புட்டியைக் கவிழ்த்தபடி, யார்க்கும் ஐயமற விளங்கும் டன்வுடியின் முகம் எழுந்தது.

"மத்தேய்! நம்ம மத்தேய்டா அது!" என்று உயர்மாடத்தில் ஒரு குரல் வெடித்தது.

"குடிச்சிருந்தான்னு சொன்னியே, கொலைகாரா!"

"கயிறு! கயிறு!" என்று மாடம் முழுதும் காலால் தரையை உதைத்து முழங்கியது. டன்வுடி விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினான். அவன் வாய் அசைந்ததேயன்றிக் குரல் எவர்க்கும் கேட்கவில்லை. நகரப் பெரியோர் அவன் அருகிலிருந்து ஒவ்வொருவராய் எழுந்து அகன்றனர். அவன் உதடு நடுங்குவதைப் புரோகோப் தேன்போல் பருகினான். பின்னர் தன் மகிழ்வைப் பகிர அண்ணியின் பக்கம் திரும்பினான். இருக்கை வெறுமையாய் இருந்தது.

மறுநாள் மேலாள் அஞ்சி, சாராயம் ஊற்றியது தானென்றும் ஊற்றச் சொன்னவன் டன்வுடி என்றும் மன்றத்தார்முன் கக்கிவிட்டான். டன்வுடி நகரை நீங்கி ஓடினான். பில்சன் தெருவில் உருழேனாவைக் கண்டோர் தலைதாழ்த்தி வழிவிட்டனர். அவள் எவரையும் நோக்காது நடந்து, டீகனையன்றி வேறு ஆளற்ற அரங்கினுள், திரையின் பின்னே நின்ற புரோகோப்பிடம் வந்தாள். கையில் வெந்நீர் வாளி ஆவி விட்டது.

"தூக்கத்துல போன மாதிரி போனாருன்னு நீதானே சொன்னே?"

அவள் வாளியைத் தரையில் வைத்தாள்.

"அத நெனச்சுத்தான் நான் ராத்திரி கண்ண மூடுவேன். நேத்து ஊரையே கூட்டி வச்சு, என் கண்ணு முன்னால அவர மறுபடியும் தள்ளி விட்டுட்டியே."

"அண்ணி, அந்தப் பய அழியணும்னுதான்..."

"அழிஞ்சான். நல்லது. நானும் அதத்தான் வேண்டிக்கிட்டேன்." அவள் துணியை நீரில் தோய்த்தாள். "அவன் மூஞ்சி அப்படியே இருக்கட்டும். எங்க ஆளை மட்டும் விட்டுடு. ஏணியப் பிடி."

அவன் பிடித்தான். அவள் ஏறி, விரிந்த கைகளையும், பிளந்த வாயையும், புரோகோப் ஈடற்ற திறத்தால் தீட்டிய அந்த அச்சம் நிறைந்த விழிகளையும் மெல்ல மெல்லத் துடைத்தாள். காய்ச்சலில் கிடப்பவன் மேனியைத் துடைக்கும் கைபோல் அவள் கை இயங்கியது. கரைந்த வண்ணம் வழிந்து புரோகோப்பின் தலையிலும் தோளிலும் சொட்டியது. அவன் விலகவில்லை. டீகன் போய் விளக்குகளை ஏற்றினான்.

புட்டி ஏந்திய கயவன் தன் இடத்தில் கறுத்து நின்றான். அறுந்த கயிறு ஆடாது தொங்கியது. மத்தேய் விழுந்துகொண்டிருந்த இடத்திலோ ஒளியொன்றே தடையின்றி வந்தது. பகைவனை வீழ்த்திய வென்றியில் புரோகோப்புக்கு அன்றும் பின்னரும் கழிவிரக்கம் தோன்றியதில்லை. ஆயினும் செத்தவனைப் படைக்கலமாக எடுத்துப் பொருதவன், அவனை மீளவும் ஒருமுறை சாகவைத்தே வெல்கிறான் என்பதை, ஏணியைப் பற்றி நனைந்து நின்ற அந்தப் பொழுதில் அவன் அறிந்தான்.