ரிவர்ஸ் போகாத கார்

கணவரின் பழைய காரில் ரிவர்ஸ் கியர் விழாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. "கியர்பாக்ஸையே இறக்கணும். உனக்கெல்லாம் புரியாது" என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டார். பின்னால் எடுக்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்து நிறுத்துவதற்குத் தெருத்தெருவாகச் சுற்றுவார் மனிதர்.

போன வாரம் அவர் வெளியூர் போயிருந்தபோது அவள் காரை மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனாள். கியர் கம்பியில் புஷ் என்கிற சின்ன வளையம் ஒன்று தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றியதும் ரிவர்ஸ் சொன்ன பேச்சைக் கேட்டது. ஊர் திரும்பியவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. ஒரு தடவை கியரைப் போட்டுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பார்த்தால்தானே!

இன்று அவளுடைய தம்பி வீட்டில் வேறு இடமே கிடைக்காமல், சுவரைப் பார்த்தபடி காரை நிறுத்த வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நீ ஸ்டியரிங்கைப் பிடி. நான் முன்னாலேருந்து தள்ளுறேன்."

அவள் காரை ஸ்டார்ட் செய்தாள்.

"என்ஜின் எதுக்குடி?"

"பிரேக் நல்லா பிடிக்கணும்ல, அதுக்குத்தாங்க."

அவர் பானெட்டில் கை வைத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினார். அவள் சத்தமில்லாமல் ரிவர்ஸைப் போட்டாள். கார் பூப்போல நகர்ந்தது.

"பாத்தீங்களா மச்சான்? இதுக்கெல்லாம் உடம்புல தெம்பு வேணும்!" என்று அவளுடைய தம்பியிடம் பீற்றிக்கொண்டே, இரண்டு கைகளையும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

கார் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. தெருமுனை வரை போய், அழகாகத் திரும்பி நின்று, ஹாரன் அடித்தது.