ஆளுக்கொரு நீளமான பாலம்

1994 நவம்பரில், கனடாவின் மொன்றியல் நகருக்குத் தெற்கே, ஆற்றுக்குள் இருக்கும் சின்னத் தீவின் பாலம், காரில் தனியாகப் போகிறவர்களுக்கு முப்பது கிலோமீட்டராக நீண்டது. நான்கு பேர் ஏறிய காருக்கும் நடந்து போகிறவர்களுக்கும் அது பழையபடி அரை கிலோமீட்டர்தான்.

அதற்கு முந்தைய வாரம்தான், கார் நெரிசல் தாங்காமல், தீவுக்குப் பஸ் விடலாமா என்று கூட்டம் நடந்திருந்தது. தீவில் குடியிருந்து டவுன்டவுனில் பொறியாளராக வேலை பார்த்த ஜெயசங்கர் எழுந்து புகை, சத்தம், மரங்கள் என்று பிரெஞ்சில் நாசூக்காகப் பேசினார். உட்கார்ந்ததும் மனைவி ரமாவிடம் தமிழில், "பஸ் விட்டா கண்டதுங்களும் உள்ள வந்துடும்" என்றார். பின்னால் தட்டோடு நின்ற பெண் குனிந்து, "உங்கட கோப்பிக்குப் பால் விடவோ, சேர்?" என்று கேட்டாள். நிமிர்ந்து பார்க்கப் பயந்து, அவர் அந்தக் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அவள் பெயர் புஷ்பராணி. மன்னார்க்காரி. கூட்டம் நடந்த, தீவின் முதியோர் இல்லத்தில் சமையல். நகரின் வடக்கே வில்லரேயிலிருந்து மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வந்து, மிச்சத்தைப் பாலத்தில் நடப்பாள். காலையில் ஜெயசங்கர் தனியாகக் காரில் வெளியேறும்போது அவள் எதிரே வருவாள். அவளுக்குப் பாலம் ஏழு நிமிடம். ஆனால் அவருடைய முப்பது கிலோமீட்டரிலும் அவள் கார்க் கண்ணாடிக்கு நேரே நடந்துகொண்டே இருந்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். கண்ணை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

டிசம்பரில் பனி கொட்டிய ஒரு நாள் காரை நிறுத்தி இறங்கினார்.

"ஏறிக்கோங்கம்மா, திருப்பிக் கொண்டுபோய் விடறேன். அன்னிக்கு நான் சொன்னது..."

"எனக்குப் பின்னால எட்டுப் பேர் வருகினம், சேர். உங்கட கார் காணாது." பனியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "மன்னிப்பை அந்தக் கூட்டத்தில போய்க் கேளுங்கோ."

ஜனவரிக் கூட்டத்தில் ஜெயசங்கர் எழுந்து, தமிழில் சொன்ன அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் திரும்பச் சொன்னார். காது மடல் எரிந்தது. அரங்கில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரவர் மொழியில் அவர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். "எனக்கு பஸ் வேணும்" என்று முடித்தபோது ரமாதான் முதலில் கை தூக்கினாள்.

வசந்தத்தில் பஸ் வந்தது. இரண்டு வருடத்தில் கார்கள் பாதியாயின. ஜெயசங்கர் ஏறும் நிறுத்தத்தில்தான் புஷ்பராணி இறங்குவாள். சில நாள் தலையசைப்பாள், சில நாள் பார்க்காமலே போவாள். இரண்டும் நியாயம் என்றே அவருக்குப் பட்டது.

பாலத்தைச் சரிசெய்யச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லை. தனியாகக் காரில் போயே ஆகவேண்டியவர்கள் இன்றும் அரை மணி நேரம் முன்னதாகப் புறப்படுகிறார்கள்.