ஆளுக்கொரு ஏகாந்தம்

அமைதியாகப் பேச வேண்டும் என்றுதான் அவள் காட்டுக்கு வந்தாள். அதே எண்ணத்தோடு ஊரே திரண்டு வந்திருந்தது.

ஏரிக்கரை முகாமில் கால் வைக்க இடமில்லை. ஒரு கூடாரத்தின் கயிறு அடுத்த கூடாரத்தின் வயிற்றில் போய் முடிந்தது. இயற்கையோடு ஒன்றிப்போக வந்தவர்கள் ஜெனரேட்டரையும் கூடவே தூக்கி வந்திருந்தார்கள். பட்டுப்போன ஒரு மரத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை. தான் மட்டும் தன்னந்தனியாக நிற்பதுபோலப் படம் விழவேண்டுமாம். ஒவ்வொருவரும் மற்றவர்களை ஒதுங்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்கள். "சத்தம் போடாதீங்க, பறவைங்க பயப்படும்" என்று வனக்காவலர் ஒலிபெருக்கியில் கத்தினார். பறவைகள் விவரமானவை, எப்போதோ இடத்தைக் காலி செய்திருந்தன.

இந்தக் கும்பலை யார் வரச் சொன்னது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நம்மை மட்டும் யார் பல்லக்கு அனுப்பி அழைத்தார்களாம் என்று உடனே தன்மேலும் எரிச்சல் வந்தது.

வேறு நகரத்து மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராக வரச்சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கணவனிடம் சொல்லிவைத்தவள், அவனுக்குத் தெரியாமலேயே சரி என்று பதில் அனுப்பிவிட்டாள். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல வழியில்லை. கரண்டி கீழே விழுந்தாலே மாமியார் "என்ன, என்ன" என்று எழுந்து வந்துவிடுவாள். காட்டில் மாமியார் இல்லை, அவனும் அவளும் மட்டும்தான் வந்திருந்தார்கள். இன்று சொல்லிவிட வேண்டும்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே வார்த்தைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஈரம் காய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று விறுவிறுவென்று நடந்துவந்து கூடாரத்துக்குள் நுழைந்தாள். மத்தியான வெக்கையில் அவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

"துண்ட எடுக்காதீங்க. மூஞ்சியப் பாத்தா சொல்ல வராது. அந்த வேலைய ஒத்துக்கிட்டேன். அடுத்த மாசம் போறேன். நீங்க வந்தா சந்தோஷம், வரலைன்னாலும் போறேன். உங்கம்மாவ நீங்க பாத்துக்கங்க, உங்களப் பெத்தவங்கதானே."

அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை பொறுமை இவனுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு கணம் அவன்மேல் பாசம்கூடப் பொங்கியது அவளுக்கு.

துண்டு விலகியது. அடர்ந்த மீசையோடு முன்பின் பார்த்திராத ஒரு முகம் திருதிருவென்று விழித்தது.

"நல்ல முடிவும்மா. ஆனா நான் உங்க வீட்டுக்காரர் இல்ல."

தள்ளுபடி விற்பனையில் பாதி ஊர் ஒரே மாதிரி நீலக் கூடாரத்தை வாங்கியிருந்தால் வேறென்ன நடக்கும்? வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மீசைக்காரரின் மனைவி, "யாருங்க அது?" என்றாள்.

"பக்கத்து கூடாரத்துக்காரங்க. வேலை மாறிப் போறாங்களாம்."

"சம்பளம் எவ்வளவாம்?"

அவள் காது சிவக்க வெளியே வந்தாள். கைக்கெட்டும் தூரத்தில், அதே மாதிரி இன்னொரு நீலக் கூடாரத்தின் வாசலில், அவள் கணவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் வருத்தத்தைத் தேடினாள், கோபத்தையாவது தேடினாள். அவன் கண்களோ சுற்றியிருந்தவர்களைத்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

"உள்ள வா. மானத்த வாங்காத."

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டுச்சு."

"உங்களுக்குக் கேட்டுச்சான்னுதான் கேக்கறேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல குரலக் குறை, எல்லாரும் பாக்கறாங்க."

பேச இடமில்லை, பேச இடமில்லை என்று இத்தனை வருடம் புலம்பியிருக்கிறாள். எவ்வளவு பெரிய அசடு! நடுக் கடலில் படகு போட்டு உட்கார்ந்தாலும் இவன் மீன்களுக்குக் கேட்டுவிடும் என்று குரலைக் குறைக்கச் சொல்வான்.

"அடுத்த மாசம் போறேன்," என்றாள். இம்முறை நிறுத்தி, நிதானமாக, உரக்க. "உங்ககிட்ட கேக்காமலே சரின்னு சொல்லிட்டேன். கேட்டுச்சா?"

மரத்தடி வரிசை அப்படியே திரும்பிப் பார்த்தது. யாரோ கை தட்டினார்கள்.

அவன் உள்ளே நகர்ந்து, கூடாரத்தின் ஜிப்பை அடிவரை இழுத்து மூடிக்கொண்டான். துணிக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதாக நினைப்பு! கூடாரத்தின் பின்னாலிருந்து அடித்த வெயிலில், குறுகி உட்கார்ந்திருந்த அவன் உருவம் வெளியே நன்றாகவே தெரிந்தது.