சீல் பிரிக்காத பெட்டி

அந்த மருத்துவமனையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் சலவை சார். புதிதாக எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும், முதலில் அது தரைத்தளத்துக்கும் கீழே ஜன்னல் இல்லாத அவருடைய அறைக்குப் போகும். கம்பெனிக்காரன் உள்ளே திணித்து அனுப்பிய அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். அதற்கு முன்னால், டாக்டர்கள் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

"புதுசுதானே சார், புதுசுல என்ன அழுக்கு?" என்று கண் டாக்டர் ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்.

"இருக்கு டாக்டர். உள்ளே 'உதவியாளர்'னு ஒருத்தனை உட்கார வச்சு அனுப்புறாங்க. அப்டேட் வாங்கிப் போடுறதுதான் அவன் வேலை. வீட்டுச் சாவி மொத்தமும் அவன் கையில. வாசல்ல எவனாவது வந்து 'கம்பெனியிலேர்ந்து வர்றேன்'னு சொன்னா போதும். அடையாள அட்டை கேக்க மாட்டான், பையில என்னன்னு பாக்க மாட்டான், நேரா படுக்கையறை வரைக்கும் கூட்டிட்டுப் போயிடுவான். இப்படி ஒரு வாட்ச்மேனை உங்க வீட்ல வைப்பீங்களா?"

கண் டாக்டர் வெறுங்கையோடு படியேறினார். எல்லாக் கம்பெனி உதவியாளரும் அப்படி இல்லை. ஒழுங்காக முத்திரை பார்த்து, கையெழுத்துப் பார்த்து வாங்குகிறவனும் உண்டு. ஆனால் நல்லவன் யார், சோம்பேறி யார் என்று விசாரித்துக்கொண்டிருக்க சலவை சாருக்குப் பொறுமை கிடையாது. எல்லோரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்.

ஊர் கம்ப்யூட்டரையெல்லாம் கழுவிய மனிதர், கழுவாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மகளுடையது.

மனைவி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகள். பேசும் பொம்மையிலிருந்து செல்போன் வரை, அவளுக்கென்று வாங்கிய எதையும் முதலில் அவர் பிரித்து, நோண்டி, சோதித்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பார். கல்லூரிக்குக் கிளம்பும்போது அவள் கேட்டாள்: "அப்பா, இந்த லேப்டாப்பையாவது நான் பிரிக்கிறேனே. எனக்குன்னு வந்த பெட்டி ஒண்ணுலகூட நான் சீலைப் பாத்ததில்ல."

கோபமாகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பார். கெஞ்சலாகக் கேட்டதால் தலையாட்டிவிட்டார். அவள் நகத்தால் சீலைக் கீறினாள், மூடியைத் தூக்கினாள், புது வாசனையை மோந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். 'ஒரு நாள் என்கிட்ட குடும்மா' என்று நாக்கு நுனி வரை வந்ததை அவர் அப்படியே விழுங்கினார். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவள் ரயில் ஏறிப் போய்விட்டாள். ஏழு மணி நேரத் தூரம்.

அதன்பிறகு அவருக்கு வாரம் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி மட்டும்தான். ஐந்தரைக்கே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே மூன்று நாள் அழுக்குக் கால்சட்டைதான், அது கேமராவுக்குத் தெரியப்போவதில்லை. சமையலறை தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுவார். அடுப்பு மூட்டி வாரக்கணக்கு ஆகியிருந்தது.

"சாப்ட்டீங்களாப்பா?"

"பேஷா. நீங்களே சமைச்சீங்களான்னு ஆஸ்பத்திரி நர்சம்மா கேக்குறாங்க. நீ எப்படி இருக்கே?"

"செம ஜாலிப்பா. ரூம்மேட் ஒரே அரட்டை. தூங்கவே விட மாட்டா."

மொத்தமே இருபது நிமிஷம். முடிந்ததும் திரை கறுத்துப்போய் அதில் அவர் முகம் மட்டும் தெரியும். வீடு ஒரேயடியாகப் பெரிதாகிவிடும். சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு, பாதிப் பேச்சில் மகள் கண்ணைச் சுருக்கினாள். "அப்பா, ஒரு நிமிஷம். உதவியாளர்னு ஏதோ வந்து அப்டேட் கேக்குது. அழுத்தவா?"

அவருக்குத் தெரியும். விடுதியின் பொது வைஃபை, ஊர்பேர் தெரியாத நூறு பேர் தொங்கும் வைஃபை. அதில் இந்த உதவியாளனை நம்பக்கூடாது. ஆனால் நீக்கச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். இருபதில் பன்னிரண்டு ஏற்கெனவே போய்விட்டது. அந்த வாரம் முழுக்க வேலை தவிர வேறு பேச்சு பேச அவருக்கு ஆளே இல்லை. மிச்சமிருக்கும் எட்டு நிமிஷத்தைக் கம்ப்யூட்டருக்குத் தாரைவார்க்க மனசு வரவில்லை.

"அழுத்தும்மா, அது கிடக்கு. பரீட்சை எப்போன்னு சொன்னே?"

அவள் அழுத்தினாள்.

ஒன்றரை மாதம் கழித்து அவள் முகம் வருவது நின்றது. குரல் மட்டும் வந்தது, திரையில் கறுப்புக் கட்டம். "கேமரா ரிப்பேர்ப்பா." சரிசெய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். அடுத்த வாரமும் கறுப்புக் கட்டம்தான், அதுவும் பத்தே நிமிஷம். பிள்ளைக்கு அப்பன் அலுத்துவிட்டான் என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு சவரம்கூடச் செய்யவில்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஜன்னல் இல்லாத அறையில் போன் அடித்தது. அவள் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவளே இல்லை.

"அப்பா. வர முடியுமா?"

அவ்வளவுதான் சொன்னாள். மேசையில் ஒரு கம்ப்யூட்டரைப் பாதிக் கழுவலில் விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

விடுதியின் பார்வையாளர் அறையில் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமராவின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. அவர் எதுவும் கேட்காமல் நோண்ட ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அந்த ஞாயிறு, மாலை ஆறு பதிமூன்று. அதே வைஃபையில் எவனோ நடுவில் நின்று, கம்பெனி அப்டேட் என்று தன் சரக்கை நீட்டியிருக்கிறான். உதவியாளன் சலாம் போட்டு உள்ளே விட்டிருக்கிறான். அன்றிலிருந்து கேமரா அந்த எவனோ ஒருவனுடையது.

"நான்தாம்மா அழுத்தச் சொன்னேன்," என்றார். "தெரிஞ்சே சொன்னேன். உன்கூடப் பேசுற நேரம் போயிடுமேன்னு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் படம் எடுத்து எனக்கே அனுப்பியிருக்கான்ப்பா. சொன்னதைச் செய்யலேன்னா கிளாஸ் குரூப்ல போடுவானாம்."

"காட்டு."

"வேணாம்ப்பா."

"போலீசுக்குப் போகணும்டா. நான் பாக்காம எப்படி?"

அவர் எதையெதையோ நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பதினோரு படங்கள். எல்லாவற்றிலும் உடுத்தின உடையோடு, கட்டில் விளிம்பில், அவள் அழுதுகொண்டிருந்தாள். சும்மா கண் கலங்கிய அழுகை இல்லை, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு குலுங்கும் அழுகை. பின்னால் இரண்டாவது கட்டிலில் மெத்தைகூட இல்லை. படத்தின் மூலையில் நேரம் இருந்தது. ஆறு இருபத்தொன்று. ஆறு இருபத்திரண்டு. தேதிகளைப் பார்த்தார். எல்லாமே ஞாயிற்றுக்கிழமை.

"ரூம்மேட்?"

"முதல் மாசமே மாறிப் போயிட்டாப்பா."

பேசி முடித்ததும் அவள் தனியே அழுவது எவனோ ஒரு பொறுக்கிக்குத் தெரிந்திருக்கிறது, பெற்றவனுக்குத் தெரியவில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். போலீஸார் வேண்டிய பிரதியை எடுத்துக்கொண்டு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் முழுக்கப் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து அதைத் துளிவிடாமல் கழுவினார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்லயே உங்ககிட்ட குடுத்திருக்கணும்."

"இல்லம்மா. சீலை நீ பிரிச்சது சரிதான். அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்திருக்கணும்."

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. பிளாஸ்திரி இல்லை, பசை மட்டும் ஓரத்தில் ஒட்டியிருந்ததால் அவள் முகம் ஒரு பக்கம் மங்கலாகத் தெரிந்தது. இவர் சவரம் செய்யவில்லை, இஸ்திரிச் சட்டை போடவில்லை, நாற்காலியையும் திருப்பவில்லை. முதுகுக்குப் பின்னால் காய்ந்துபோன அடுப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது நிமிஷம் ஆனது.

"சரிப்பா. வச்சிடட்டுமா?"

"வைக்காதே," என்றார். "வச்சதுக்கப்புறம் என்ன செய்வியோ, அதை இப்பவே செய்."

அவள் உதட்டைக் கடித்தாள், துணியைத் தேடினாள், பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். ஆறு இருபத்திரண்டுக்கு அவர் மகள் அழுவதை அவர் முதல்முறையாகப் பார்த்தார்.